பட்டறைப் பதில்கள்: ஜெட்டைத் துளைக்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய வண்டிக்காரர்களுடையவை. அத்தனையிலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர்தான் விஷயம். அதற்குள் பெட்ரோலை அளந்து விடும், சின்னத் துளை போட்ட பித்தளைத் துண்டுதான் ஜெட். அதனால் மற்றவற்றை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன். நான் 1974-இல், 14 வயதில், கோவை உக்கடம் பக்கம் ஒரு ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவன். படித்துத் தெரிந்துகொண்டதைவிடக் கெடுத்துத் தெரிந்துகொண்டது அதிகம். அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

கே: என்னிடம் 1986 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. மேட்டில் இழுக்கவில்லை என்று உள்ளூர் மெக்கானிக்கிடம் காட்டினேன். மெயின் ஜெட்டைக் கொஞ்சம் பெரிசாக்கினால் பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும் என்று 1.5 மி.மீ. டிரில் பிட்டால் துளைத்துக் கொடுத்தார். ஏர் ஃபில்டரையும் கழற்றிவிட்டார். முதல் நாள் நன்றாக இருந்தது போலத் தோன்றியது. இப்போது கரும்புகை வருகிறது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 8தான் கொடுக்கிறது. ஜெட்டில் 125 என்று பொறித்திருக்கிறது. இன்னும் பெரிசாக்க வேண்டுமா, என்ன செய்ய வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தாராபுரம்

ப: வாத்தியாரய்யா, பள்ளிக்கூடத்தில் நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்குத்தான் இது. 125 என்றால் துளையின் விட்டம் 1.25 மி.மீ. பெட்ரோல் போவது விட்டத்தின் வழியாக அல்ல, பரப்பின் வழியாக. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.5-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 2.25. 1.25-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 1.56. ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு 44 பங்கு துளை கூடியிருக்கிறது. உங்கள் மெக்கானிக் ‘கொஞ்சம்’ என்று சொன்னது இதைத்தான். அவர் பெட்டியில் அதைவிடச் சின்ன பிட் இருந்திருக்காது. பெரும்பாலான பட்டறைகளில் இருக்காது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இஞ்சின் முழு சக்தி கொடுப்பது இதைவிடச் சற்றுக் கெட்டியான, அதாவது பெட்ரோல் கூடிய, கலவையில், 12.5-லிருந்து 13 வரை. அதையும் தாண்டிக் கெட்டியானால் சக்தி கூடாது, இறங்கும். உங்கள் வண்டி முன்பு 14-இல் ஓடியது என்று வைத்துக்கொண்டால், துளைத்த பிறகு 10-க்கும் கீழே போயிருக்கும். அந்தக் கலவையில் பிளக் நனைந்துபோய் மிஸ்ஸிங் வரும். அரைகுறையாக எரிந்த பெட்ரோல்தான் சைலன்சர் வழியாகக் கறுப்பாக வருகிறது.

‘முதல் நாள் நன்றாக இருந்தது’ என்கிறீர்களே, அது ஃபில்டர் இல்லாததால் கேட்ட ‘புஸ்’ என்ற உறிஞ்சல் சத்தம். சத்தம் கூடினால் வேகம் கூடியது போல நமக்கெல்லாம் தோன்றும். தாராபுரம் ரோட்டுப் புழுதி நேராக சிலிண்டருக்குள் போவதைத் தவிர அதில் வேறு லாபம் கிடையாது. இன்றைக்கே ஃபில்டரை மாட்டுங்கள்.

அடுத்து, ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். கூடுதலாகப் போன பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் பூச்சைக் கழுவிக்கொண்டு கீழே ஆயிலில் கலந்துவிடும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உலர்ந்து தேயும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், 1979-இல் நானே ஓர் அம்பாசடர் டாக்ஸிக்கு ஜெட்டைத் துளைத்துக் கொடுத்தேன். 19 வயது. மீசை முளைத்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு. டிரைவர் அண்ணன் ஒரு வாரம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நாலு மாதம் கழித்துப் புகைந்துகொண்டே வந்து நின்றார். சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் ரீபோர் செலவில் பாதியை முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார். பிடித்தது நியாயம்தான்.

துளைத்த ஜெட்டை ஈயம் வைத்து அடைத்து மறுபடி துளைக்கலாமா என்று கேட்காதீர்கள். ஜெட்டின் அளவு துளையில் மட்டும் இல்லை. துளையின் வாயில் இருக்கும் சரிவு, உள்சுவரின் வழவழப்பு எல்லாம் சேர்ந்துதான் இவ்வளவு பெட்ரோல் போகும் என்று நிர்ணயிக்கின்றன. கையில் பிடித்த டிரில்லால் அது வராது. சென்னை ஜி.பி. ரோட்டில் தேடினால் புது ஜெட் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். ஆனால் பழசை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உங்களுக்கு முன்னால் யாராவது குத்தி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். அடைப்பு எடுக்கக் கம்பியோ ஊசியோ விடக் கூடாது. பித்தளை மெத்தென்றது, ஒவ்வொரு குத்தலுக்கும் கொஞ்சம் விரியும். என் முதலாளி தென்னை ஈர்க்கு வைத்திருப்பார். நான் தூண்டில் நரம்பு வைத்திருக்கிறேன். பிறகு காற்றடித்தால் போதும்.

இனி, மேட்டில் ஏன் இழுக்கவில்லை என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். அதை யாருமே பார்க்கவில்லையே! நாற்பது வருஷ வண்டி. டேப்பட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் கேப் (பிளக்குக்குப் பொறி அனுப்பும் பாயிண்டின் இடைவெளி), டைமிங் (பொறி விழும் நேரம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் அளவு) நான்கையும் முதலில் பாருங்கள். பிறகு கார்புரேட்டரில் காற்றுக் கதவைத் திருப்பும் திராட்டில் ஷாஃப்ட்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடுக்கு வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது. வண்டியை ஐடிலிங்கில் விட்டு, ஷாஃப்ட்டின் இரு முனையிலும் எண்ணெய்க் குப்பியால் இரண்டு சொட்டு விடுங்கள். இஞ்சின் ஓட்டம் மாறினால் சந்தேகமே இல்லை. நல்ல லேத்காரர் பாடியைக் குடைந்து, வெண்கல புஷ் அடித்து, ரீமர் விட்டுக் கொடுப்பார். என்னிடம் ‘பிக்கப் இல்லை’ என்று வந்த பத்மினிகளில் அதிகமும் இந்த வேலையிலேயே சரியாகிவிட்டன.

இவ்வளவும் செய்த பிறகும் இழுவை போதவில்லையா? அப்போது ஒரு சோதனை. மேட்டில் முழு ஆக்சிலேட்டரில் திணறும்போது கலவையைக் கெட்டியாக்கும் சோக் நாப்பை அரை அங்குலம் இழுத்துப் பாருங்கள். இழுவை கூடினால் கலவை மெலிந்திருக்கிறது, ஜெட் ஒரு படி, அதாவது 125-லிருந்து 130, ஏற்றலாம். அதுவே நூற்றுக்கு 8 பங்கு பரப்பு. இன்னும் மோசமானால் கெட்டியாக இருக்கிறது, ஒரு படி இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே மேட்டில் ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதுங்கள். உங்களுக்கு நோட்டுப் போடச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மேலே இருக்கும், காற்றை அளக்கும் ஏர் ஜெட்டின் கணக்குத் தலைகீழ். அதைப் பெரிசாக்கினால் வேகம் கூடக்கூடக் கலவை மெலியும். ‘எல்லா ஜெட்டையும் ஒரு சுற்றுப் பெரிசாக்கிட்டேனுங்க’ என்று ஒருத்தர் பெருமையாகச் சொன்னார். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கியிருக்கிறார்.

புகைச் சோதனையில் பாஸ் ஆகிவிட்டதே என்று மெக்கானிக் வாதாடுவார். அந்தச் சோதனை ஐடிலிங்கில் எடுப்பது. ஐடிலிங்கில் பெட்ரோலை அளப்பது ஸ்லோ ஜெட், மெயின் ஜெட் அல்ல. அதுவும் உங்கள் வயது வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. அந்தச் சீட்டு மெயின் ஜெட்டுக்குச் சாட்சி ஆகாது.

கே: தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் சரிசெய்து குன்னூரில் ஓட்டுகிறேன். மேட்டுப்பாளையத்தில் கச்சிதமாக ட்யூன் செய்து கொண்டுவந்தால் இங்கே வந்ததும் மந்தம், பிளக் கறுப்பு. யார் மேல் தப்பு?
– தேயிலைத் தோட்ட ஊழியர், குன்னூர்

ப: காற்றின் மேல்தான் தப்பு, தம்பி. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். கார்புரேட்டருக்கு எவ்வளவு காற்று போகிறது என்று தெரியுமே தவிர, அது எவ்வளவு லேசான காற்று என்று தெரியாது. அதனால் கலவை நூற்றுக்குப் பத்துப் பங்கு கெட்டியாகிவிடும். ஜெட்டை ஒரு படி, தேவைப்பட்டால் இரண்டு படி இறக்குங்கள். டைமிங்கை ஒன்றிரண்டு டிகிரி முன்னால் தள்ளலாம். காற்றுக் குறைந்ததால் போன ஆறில் ஒரு பங்கு சக்தியை மட்டும் எந்த ஜெட்டாலும் திருப்பித் தர முடியாது.

ஒரே எச்சரிக்கை. சின்ன ஜெட்டோடு கீழே இறங்கி, சேலம் ரோட்டில் முழு மிதியாக மிதிக்காதீர்கள். மெலிந்த கலவையில் வால்வு கருகும். நீண்ட பயணம் என்றால் பெரிய ஜெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஹெரால்டில் போனட்டு மொத்தமும் முன்பக்கம் கவிழ்ந்துவிடும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். மெட்ராஸில் செய்த கார்களிலேயே மெக்கானிக்கின் முதுகுக்கு இரக்கம் காட்டியது அது ஒன்றுதான்.

கே: என் 1972 அம்பாசடரில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் மாட்ட ஆசை. எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் இஞ்சினும் அம்பாசடர் இஞ்சினும் ஒன்றுதான், கார்புரேட்டர்தான் வித்தியாசம் என்கிறான் நண்பன். உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

ப: நண்பர் பாதி சரி. 1955-இல் இங்கிலாந்தில் வந்த எம்.ஜி.ஏ. காரில் இருந்ததும் 1489 சி.சி. பி-சீரிஸ் இஞ்சின், உங்கள் அம்பாசடரில் இருப்பதும் 1489 சி.சி. பி-சீரிஸ் இஞ்சின். எம்.ஜி.ஏ.வில் அது ஆரம்பத்தில் 68 குதிரைத்திறன் கொடுத்தது, பிறகு 72. நம்முடையது 50 பக்கம். இந்த இருபது சொச்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. கார்புரேட்டர் அதில் ஒரு பங்கு. அவர்கள் கம்ப்ரஷனை 8.3 வைத்தார்கள், நமக்கு அன்றைய பெட்ரோலுக்காக 7.2. அவர்களுடைய, வால்வைத் திறக்கும் கேம் வேறு, வால்வு பெரிசு, எக்ஸாஸ்ட் வேறு. மூக்கை மட்டும் பெரிசாக்கினால் மூச்சு கூடாது, நெஞ்சும் விரிய வேண்டும்.

இருந்தாலும் ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. பி-சீரிஸ் ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் வாசல்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டிரண்டாக ஒரு வாசலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வாசலுக்கு ஒரு கார்புரேட்டர் என்று இரண்டு வைத்தால் அந்த ஹெட்டுக்கு அது பொருத்தம். எஸ்.யூ. கார்புரேட்டரே அழகான யோசனை. காற்றின் தேவைக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். அதன் அடியில் கூம்பான நீடில் ஜெட்டுக்குள் நிற்கும். பிஸ்டன் ஏற ஏற நீடிலின் ஒல்லியான பாகம் வரும், பெட்ரோல் கூடும். ஸ்லோ ஜெட், ஏர் ஜெட், பம்ப் எதுவும் கிடையாது. உச்சியில் டேம்பரில் கொஞ்சம் ஆயில், அவ்வளவுதான். அந்த ஆயில் வற்றினால் மிதித்ததும் இஞ்சின் திக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் முழுக் கார்புரேட்டரையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவர்கள் உண்டு.

எம்.ஜி.க்கு வந்த ஒன்றரை அங்குல ஜோடியும், அதை ஹெட்டோடு இணைக்கும் மேனிஃபோல்டும், இரண்டுக்கும் நடுவே பேலன்ஸ் பைப்பும் சேர்த்து வாங்குங்கள். மேனிஃபோல்டு இல்லாமல் கார்புரேட்டரை மட்டும் வாங்கியவர்கள் வீட்டில் அது ஷோகேஸில் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டியதில்லை. ஒரு முழம் ரப்பர் ஹோஸை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கார்புரேட்டர் வாய்கள் ஒவ்வொன்றிலும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். இரண்டு ‘உஸ்’ஸும் ஒரே சுருதியில் வரும்வரை திருகுங்கள். பழகிய காது ஏமாறாது.

சென்னைப் பக்கம் சோழவரத்தில் கார் ரேஸ் நடந்த காலத்தில் இரண்டு முறை போயிருக்கிறேன். யுத்த காலத்து விமான ஓடுதளம் அது. வெயில் என்றால் அப்படியொரு வெயில். கார்கள் ஓடியதைவிட, ஓடுவதற்கு முன்னால் ஒரு மெக்கானிக் பல்பொடி டப்பாவைத் திறந்து, வரிசையாக ஜெட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அவர் கையில் டிரில் இல்லை. எங்கள் ஊர் ரேஸ்காரர் கரிவரதன் பிறகு மாருதி 800 இஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரைச் செய்தபோதும் அதே கதைதான். இருக்கிற சின்ன இஞ்சினிலிருந்து எடுக்க முடிந்ததை எடுப்பது.

கும்பகோணத்தாருக்கு ஒரு நிபந்தனை. பிரேக் டிரம்மையும் வீல் சிலிண்டரையும் முதலில் செய்துவிட்டு வாருங்கள். வேகம் பிறகு. இஞ்சினையே மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ‘பின்னால் வந்த அம்பாசடரின் 1800 இசுஸு இஞ்சின் இருக்கே’ என்று அடுத்த யோசனையை நண்பர் கட்டாயம் சொல்வார்.

கே: என் 1996 மாருதி 800-இல் ஈ20 பெட்ரோல் வந்ததிலிருந்து மிதித்தவுடன் ஒரு வினாடி செத்துவிட்டுப் பிறகு எடுக்கிறது. மைலேஜும் குறைந்திருக்கிறது. ஜெட் மாற்றினால் தீருமா?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

ப: இதில் இரண்டு வியாதி இருக்கலாம், அண்ணாச்சி. மிதித்தவுடன் சாவதற்குக் காரணம் பெரும்பாலும், மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலேட்டர் பம்ப். இஞ்சினை அணைத்து, ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் எட்டிப் பார்த்துக்கொண்டே திராட்டிலைக் கையால் திருகுங்கள். தொட்டவுடன் பெட்ரோல் ஊசி போலப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ தாமதித்தாலோ பம்ப் டயாஃப்ரம் விறைத்துப் போயிருக்கிறது. புது கிட் போடுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

இரண்டாவது ஈ20. இங்கே மட்டும் நான் ஜெட்டுக்குச் சாதகமாகப் பேசுவேன். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 காற்று என்றேன் அல்லவா? 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு 13.5 பக்கம்தான். அதே ஜெட்டில் ஓட்டினால் கலவை நூற்றுக்கு எட்டொன்பது பங்கு மெலிகிறது. 1996-இல் உங்கள் வண்டிக்கு ஜெட் போட்டவர்கள் இந்தப் பெட்ரோலைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். சோக்கை இழுத்துப் பார்க்கும் சோதனையில் மெலிவு தெரிந்தால் விட்டத்தில் நூற்றுக்கு நாலு பங்கு, அதாவது ஒரு படி, ஏற்றலாம். மைலேஜ் மட்டும் பழையபடி வராது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் சூடு குறைவு.

ஜெட்டுக்கு முன்னால் ஹோஸைப் பாருங்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி மெத்தென்றாகி வெடிக்கிறது. சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதைவிட மோசமான பிக்கப் பிரச்சினை எதுவும் கிடையாது.

கே: கணவரின் அம்பாசடரை நான்தான் ஓட்டுகிறேன். காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. வெயிலில் போய்ப் பதினைந்து நிமிடம் கடையில் நின்று வந்தால் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகி, ஈரோடு

ப: மாற்றாதீங்கம்மா. அம்பாசடரில் கார்புரேட்டர் உட்கார்ந்திருப்பது எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே. அடுப்பின் மேல் பால் சட்டி மாதிரி. ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் அதைக் குளிர்விக்கும். நிறுத்தியதும் சூடு மேலேறி, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் புளோட் சேம்பரில் பெட்ரோல் கொதித்து, உள்ளே வழிந்துவிடும். சோக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலேட்டரைக் குத்திக் குத்தி மிதிக்காமல், ஒரேயடியாகத் தரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், பிடித்துவிடும். நிரந்தர வைத்தியம், கார்புரேட்டருக்கு அடியில் தடிமனான பேக்கலைட் பேக்கிங். அது அங்கே இருந்திருக்க வேண்டியது. யாரோ ஓவர்ஹால் செய்தபோது மெல்லிய காகித பேக்கிங் வைத்து மூடியிருப்பார்கள். முன்பெல்லாம் குன்னூர் மலை ஏறும் டிரைவர்கள் பர்லியாரில் நிறுத்தி, இஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டுதான் மேலே போவார்கள். ஒரு துணியும் பாட்டில் தண்ணீரும் டிக்கியில் இருக்கட்டும்.

கே: பெட்ரோல் பைப்பில் காந்தம் மாட்டினால் ஜெட் மாற்றாமலேயே மைலேஜ் கூடும் என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

ப: கூடாது. வாங்கித் தொலைத்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம், கீழே விழுந்த நட்டு போல்ட்டைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஜெட் விழுந்தால் மட்டும் கையால்தான் தேட வேண்டும். அது பித்தளை.